செம்பனைக்கு நடுவே முளைத்த புறநகர்

கோலாலம்பூரிலிருந்து சுங்கை பூலோவைக் கடந்து கோல சிலாங்கூரை நோக்கிப் போகிறது 54-ஆம் எண் கூட்டரசு சாலை. ஒரு காலத்தில் அதன் இரு புறமும் பால்மரம்தான். பிறகு செம்பனை வந்தது. இப்போது செம்பனைக்கு நடுவே காவல் சாவடி வைத்த தாமான்களும், இரட்டை மாடி வரிசை வீடுகளும், பேரங்காடிகளும் எழுந்து நிற்கின்றன. கோலாலம்பூரில் வேலை, கோல சிலாங்கூர் மாவட்டத்தில் வீடு என்று வாழ்கிறவர்கள் இந்தச் சாலையில் காலையும் மாலையும் நெரிசலில் காத்திருக்கிறார்கள்.

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர். அதில் ஒன்பது முக்கிம்கள். மேற்கே மலாக்கா நீரிணை. கரையோரம் ஜெராம் முதலிய மீனவ ஊர்கள். வடக்கே தஞ்சோங் காராங்கின் நெல்வயல்கள். சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடத்தில் மலாவத்தி குன்றும், 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும், சுல்தான்களின் பழைய தலைநகரான கோல சிலாங்கூர் பட்டணமும் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிந்தது இந்தப் பகுதிதான். இரவில் கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தமிழர் வரலாறு பெரிதும் கிழக்குப் பக்கத்தில், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் கிடக்கிறது.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் இருந்தார்கள். 2020-இல் அது 2 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. 2021-இல் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்தது. பத்தே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் குழந்தைப் பிறப்பால் மட்டும் வந்துவிடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டு விலை ஏற ஏற, இளம் குடும்பங்கள் மலிவான நிலத்தைத் தேடி வடக்கே நகர்ந்தன. 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக்கை ரவாங் பக்கத்தோடு இணைத்தது. புஞ்சாக் ஆலாமில் யூஐடிஎம் பல்கலைக்கழக வளாகமும், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையில் சிலாங்கூர் பல்கலைக்கழகமும் மாணவர்களைக் கொண்டுவந்து சேர்த்தன.

மாவட்டம் நிரம்பிக்கொண்டிருந்த அதே காலத்தில் தோட்டங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகைக் கணக்கில் இது தெரியாது.

உலகச் செம்பனை வரலாற்றில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகொனியே ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டவர். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். இங்கே கண்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அந்தத் தோட்டங்களில் காடழித்து, கன்று நட்டு, பால் சீவியவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். ரிவர்சைட், துவான் மீ, ராஜா மூசா, ஹோப்ஃபுல், சுங்கை தெராப் என்று ஒவ்வொரு தோட்டமும் ஓர் ஊராகவே இருந்தது. கோயில், பள்ளி, கள்ளுக்கடை, பெரட்டுக் களம் எல்லாம் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றியே அமைந்தன.

ஆனால் அந்த ஊரில் யாருக்கும் ஒரு சாண் நிலம் சொந்தமில்லை. லயத்து வீடு வேலையோடு வந்தது; வேலை போனால் வீடும் போகும். ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது ஆள் தேவை குறைந்தது. குறைந்த கூலிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். தோட்டம் மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனபோது மூன்று தலைமுறையாக இருந்தவர்களும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

விளைநிலம் புறநகராவது இங்கே மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற புறநகரான லெவிட்டவுன், 1947 முதல் 1951 வரை நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் கட்டப்பட்டது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நான்கைந்து ஆண்டுகளில் எழுந்தன. அங்கே கறுப்பினத்தவர் குடியேற முடியாதபடி ஒப்பந்தத்திலேயே தடை இருந்தது. சிலாங்கூரின் புறநகரில் அப்படி எழுதப்பட்ட தடை எதுவும் கிடையாது. இங்கே தடுத்தது விலை. தன் பாட்டனார் மரம் சீவிய நிலத்தில் எழுந்த வீட்டுக்குத் தோட்டக் கூலியை வைத்து வங்கிக் கடன் வாங்க முடியாது.

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் எல்லையோரத்து மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் கதை மலேசியத் தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். தோட்டங்கள் கைமாறிய பிறகு, அங்கிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தன.

மக்கள் இடம்பெயர்ந்தால் அரசியலும் மாறும். ஈஜோக் சட்டமன்றத் தொகுதி நெடுங்காலம் மஇகாவின் கையில் இருந்தது. சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் மறைந்ததை அடுத்து 2007 ஏப்ரல் 28-இல் இடைத்தேர்தல் நடந்தபோது, வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள். தேசிய முன்னணியின் கே. பார்த்திபன், எதிர்க்கட்சியின் காலிட் இப்ராஹிமைத் தோற்கடித்தார். மறு ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதே தொகுதியில் காலிட் வென்று மாநில மந்திரி பெசார் ஆனார். அதற்குப் பிறகு அங்கே ஓர் இந்தியர் கூட வெற்றி பெறவில்லை.

தலைநகர் இந்த வட்டாரத்திலிருந்து எடுத்துக்கொள்வது நிலத்தை மட்டுமல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் நீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. பத்தாங் பெர்ஜுந்தை, ரந்தாவ் பஞ்சாங் சுத்திகரிப்பு நிலையங்கள் அதைச் சுத்தப்படுத்தி அனுப்புகின்றன. அதே பள்ளத்தாக்கின் குப்பை புக்கிட் தாகாருக்கும் ஜெராமுக்கும் லாரிகளில் வந்து சேர்கிறது.

இடம்பெயர்வின் தடயத்தைத் தமிழ்ப்பள்ளிகளில் துலக்கமாகப் பார்க்கலாம். 150 மாணவர்களுக்குக் குறைந்த பள்ளியை மலேசியக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. தோட்டத்துக்குள் எஞ்சியிருக்கும் பள்ளிகள் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்க் குடும்பங்களும் குடியேறிய புதிய தாமான்கள் பலவற்றிலோ, நடந்து போகும் தூரத்தில் தமிழ்ப்பள்ளி இல்லை. இதற்குத் தீர்வு புதிதல்ல. சீபீல்ட் தோட்டம் மறைந்து சுபாங் ஜெயாவின் ஒரு பகுதியான பிறகும், சீபீல்ட் தமிழ்ப்பள்ளி பழைய பெயரோடு குடியிருப்புகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறது.

கோல சிலாங்கூரிலும் இது நடக்க வேண்டும். தோட்ட நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற அனுமதி கேட்டு ஒரு திட்டம் வரும்போதே, லயத்தில் இருப்பவர்களுக்கான வீடும் பள்ளிக்கான நிலமும் அந்த வரைபடத்தில் இருந்தாக வேண்டும். புதிய வீட்டின் சாவி கைக்கு வந்த பிறகுதான் பழைய லயத்தை இடிக்கலாம் என்ற நிபந்தனையை நகராண்மைக் கழகமும் மாநில அரசும் விதிக்க வேண்டும்.