உஷார்! அந்த 'நரம்பு' துடிக்கிறதா?

"நரம்பு கிடைக்கலை, இன்னொரு கையைக் காட்டுங்க" என்று சிஸ்டர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். ஊசி போட வசதியாக முழங்கை மடிப்பில் புடைத்துத் தெரியும். வம்பு அங்கேதான். தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும், துடிக்கும் குழாய். முன்கைத் தசைகளுக்கு அடியில் ஓட வேண்டிய அல்நார் தமனி, நூற்றில் சிலருக்குத் தோலுக்குக் கீழேயே ஓடுகிறது. பார்வைக்குச் சிரை மாதிரியேதான் இருக்கும்.

சிரையில் ஏறும் மருந்து இதயத்துக்குப் போகிற வழியிலேயே ரத்தத்தில் கலந்து நீர்த்துவிடும். தமனியில் ஏறினால் நேரே விரல் நுனிக்கு இறங்கும். அங்கே ரத்தக்குழாய் சுருங்கி, ரத்தம் உறைந்து, விரல் கறுத்து அழுகலாம். வாந்திக்கும் அலர்ஜிக்கும் போடும் ப்ரோமெதசின் ஊசி இதில் ரொம்பப் பொல்லாதது. அதன் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்டு எச்சரிக்கை போட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-ல் உத்தரவே போட்டது.

ஆகவே பட்டையை இறுக்கிக் கட்டும் முன்பே அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; துடித்தால் அது தமனி. கட்டிய பிறகு துடிப்பு அமுங்கிவிடலாம். ஊசிக்குழாயில் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் துடித்து ஏறினாலோ, மருந்து போகும்போது விரல்வரை தீப்பட்டது போல எரிந்தாலோ, கூச்சப்படாமல் "நிறுத்துங்க" என்று கத்துங்கள். ஆனால் ஊசியைப் பிடுங்கிவிட வேண்டாம். மாற்று மருந்தை அதே வழியாகக் கொடுக்க வேண்டி வரலாம். டாக்டர் வரட்டும்.

கை மட்டுமல்ல, உள்ளுறுப்புகளும் சிலருக்கு வழக்கத்துக்கு மாறாக இருக்கும். ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் மொத்தமும் இடம் வலமாக மாறியிருக்கும். அவருக்குக் குடல்வால் வலி இடப்பக்கம் வரும். வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருந்தால் ஆபத்து. சுமார் ஆயிரத்தில் ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறக்கிறார். வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் பலருக்கும் இது தெரியவரும். "பயப்பட ஒண்ணுமில்லை" என்று டாக்டர் சொன்னதும் ரிப்போர்ட் பரணுக்குப் போய்விடும். ஃபிலிமைக் கிரகணம் பார்க்க எடுத்துக்கொண்ட வீடுகளும் உண்டு (அது கண்ணுக்கும் கேடு).

ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். செல்போனில் படம் பிடித்து வீட்டில் இருவருக்காவது அனுப்புங்கள். பர்ஸிலும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும்: "இதயம் வலப்பக்கம்", "கிட்னி ஒன்றுதான்". மயங்கிக் கிடக்கிறவர் வாயால் சொல்ல முடியாது.