முத்துக்கு முத்திரை எங்கே?

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் முகூர்த்த மாதங்களில் நடக்கும் நகை வியாபாரம் நம் நேயர்கள் அறியாததன்று. வாங்குவோர் பொன்னின் மாற்றை விசாரிக்கிறார்கள். 2021 ஜூன் முதல் சென்னை உள்ளிட்ட பல ஜில்லாக்களில் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டதால் அவர்களுக்குத் தைரியமும் உண்டு. ஆனால் அம்முத்திரை பொன்னுக்கு மட்டுமே ஜாமீன். அதே நகையில் பதித்த கெம்புக்கும் கோத்த முத்துக்கும் அது சாட்சி சொல்லாது.

முத்து நமக்குப் புதிய சரக்கா? கொற்கைத் துறையின் புகழ் யவனர் தேசம் வரை பரவியிருந்தது. பிற்காலத்தில் தூத்துக்குடிப் பார்களில் மூச்சடக்கி மூழ்கியவர்கள் எடுத்த சிப்பிகள் கரையில் ஏலம் போயின. 1955-இல் தொடங்கி 1961 வரை நடந்ததே கடைசிப் பெருங்குளிப்பு. ஆகவே இன்று கடைகளில் தொங்கும் சரங்களில் மிகப் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துக்களே. அவற்றிலும் சீன தேசத்து நன்னீர்ச் சிப்பிகளில் விளைந்தவையே அதிகம்.

வளர்ப்பு முத்தைப் போலி என்பது தவறு. அன்னியச் சவ்வுத் துண்டை, சில வகைகளில் ஒரு சிறு மணியையும் சேர்த்து, சிப்பிக்குள் வைப்பதே மனிதன் வேலை; பளபளக்கும் படலத்தைச் சுரப்பது சிப்பிதான். வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் அழகர்சாமி 1973-இலேயே உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார். நம் ராஜதானிக் கல்லூரியில் பயின்ற ஸர் சி. வி. ராமன் முத்தின் ஒளியை ஆராய்ந்து 1954-இல் கட்டுரை வெளியிட்டார். சாஸ்திரத்தில் நமக்குக் குறைவில்லை; கடையின் ரசீதில்தான் குறை.

பல்லில் உரசிப் பார்க்கும் பாட்டிமார் சோதனை கண்ணாடி மணியைக் காட்டிக் கொடுக்கும்; முத்தானால் நறநறக்கும். இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் அது பிரிக்காது. அதற்கு எக்ஸ் கதிர் வேண்டும். விலையிலோ இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கெம்பின் கதை இன்னும் சிக்கலானது. மயிலாப்பூர் மாட வீதிகளில் பரதநாட்டியத்திற்கென்று விற்கும் நகைகளில் இருப்பது பெரும்பாலும் செயற்கைக் கல்லே. விற்பவர் அதை ஒளிப்பதில்லை, வாங்குபவர் மாணிக்க விலை கொடுப்பதுமில்லை. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. நாம் அஞ்சுவது வேறொன்றை. வெடித்த மட்டக் கல்லின் பிளவுகளில் ஈயங்கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பி, அசல் மாணிக்கமென்று விற்கிறார்கள். பூதக்கண்ணாடியில் உள்ளே குமிழிகளும் நீலப் பளிச்சும் தெரியும். தட்டானின் ஊதுகுழல் தீயில் அது கெடும். எலுமிச்சம் பழச் சாறும் அதை அரித்துவிடும். (முத்தையும் புளியிலோ எலுமிச்சையிலோ கழுவலாகாது, அது சுண்ணாம்புச் சத்தால் ஆனது.)

சட்டம் இல்லாமலில்லை. வர்ணனை கூறி விற்ற சரக்கு அவ்வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டுமென்று 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் விதிக்கிறது. ஆனால் ரசீதில் “முத்து மாலை ஒன்று” என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வர்ணனையை வைத்து வழக்காடுவது? வாய்மொழி நியாயஸ்தலத்தில் எளிதில் நிற்காது.

ஆதலால் நாம் சர்க்காரைக் கேட்பது இது: முத்தாயின் இயற்கையா, வளர்ப்பா, போலியா, கல்லாயின் பூமியில் எடுத்ததா, ஆலையில் செய்ததா, கண்ணாடி நிரப்பியதா, பொன்னின் எடை நீக்கிக் கல்லின் எடை எவ்வளவு. இவற்றை ரசீதில் எழுதுவது கட்டாயமாக வேண்டும். அதுவரை நேயர்கள் பணம் எண்ணுமுன் இவற்றை எழுதித் தரும்படி கேட்கட்டும். எழுத மறுக்கும் கடையில் மாணிக்கத்திற்கோ முத்துக்கோ அசல் விலை கொடுக்க வேண்டியதில்லை.