வாயுவும் மின்சாரமும் சேர்ந்த அடுப்பு

மேலே எரிவாயு அடுப்பும் கீழே மின்போறணையும் அமைந்த சாதனத்தை நிறுவுவோர் இருவகை அபாயத்தையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும். சமையல் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் நிலத்தோடு படியும். ஆதலின் உயரச் சாளரம் மாத்திரம் போதாது, 12.5 கிலோ உருளையை வெளிச்சுவரோரம் நிழலில் நிமிர்த்தி வைத்தலே நன்று. புளியந்தீவிலோ வாவியின் உப்புக்காற்று இணைப்புகளை விரைவில் அரித்துவிடும். உருளை மாற்றுந்தோறும் சவர்க்கார நீர் பூசிக் குமிழி எழுகின்றதாவெனப் பார்க்கவேண்டும்; தீக்குச்சியாற் சோதிப்பது மடமை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல வீடுகளில் வாயு அடுப்புகள் வெடித்தன. வாயுக்கலவையின் மாற்றமே முதற்காரணமென விசாரணைக்குழு கூறிற்று. போறணைக்குத் தனி மின்சுற்றும் புவியிணைப்பும் இன்றியமையாதன. வாயு மணந்தால் மின்னாளியைத் தொடலாகாது. விளக்கை அணைப்பதும் பொறி எழுப்பும். உருளையை மூடி, கதவுகளைத் திறந்து, யாவரும் வெளியேறுக.