கித்தாக் காட்டின் ஊதா நிழல்

தைப்பூசம் கழிந்த வாரங்களில் கிள்ளான் வட்டாரத்துக் கித்தா (ரப்பர்) மரங்கள் இலை உதிர்க்கும். பச்சை மஞ்சளாகி, செந்நிறமாகிக் கொட்டிவிடும். புதுத் தளிரும் தாமிர நிறத்தில்தான் வரும். ஒரே காடு, சில வாரங்களுக்குள் இத்தனை நிறம். இதைப் பிடிக்கவென்றே அமைந்தது போன்ற ஓவிய முறை ஒன்று உண்டு: இம்ப்ரெஷனிசம்.

1874இல் பாரிஸில் மோனே, பிஸ்ஸாரோ, ரெனுவார் முதலானோர் தனியே கண்காட்சி வைத்தார்கள். அவர்கள் தீட்டியது பொருளின்மேல் அந்த நேரத்தில் விழும் ஒளியை. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்க வழி கண்டிருந்ததால், ஓவியர் வயல்வெளிக்கே போய் உட்கார முடிந்தது.

வண்ணங்களை முழுக்கக் குழைத்துவிடாமல் சிறு தீற்றல்களாக அடுத்தடுத்து வைப்பார்கள். கிட்டத்தில் திட்டுத் திட்டாகத் தெரிவது எட்ட நின்றால் மரமாகும், நீராகும். நிழலுக்குப் பெரும்பாலும் கறுப்பைத் தொடமாட்டார்கள். வெயில் எட்டாத இடத்திலும் வானத்தின் நீல ஒளி படுவதால் நிழலில் நீலமும் ஊதாவும் கலந்திருக்கும். மஞ்சளருகே ஊதா இருந்தால் இரண்டுமே தூக்கலாகத் தெரியும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839லேயே எழுதியிருந்தார். வரிசை வரிசையாய் நிற்கும் கித்தா மரங்களுக்கிடையே காலை வெயில் பாயும்போது தரையில் கோடு கோடாகத் தெரிவது இந்த மஞ்சளும் ஊதாவுமே.

ஒளி காத்திருக்காது. 1890-91இல் வைக்கோற்போர்களை ஏறத்தாழ 25 படங்களாகத் தீட்டிய மோனே, வெளிச்சம் மாறியதும் அடுத்த ஓவியச் சீலைக்குத் தாவினார். தோட்டத்தில் மரம் சீவுகிறவர்களுக்கும் இதே அவசரம்தான். விடியற்காலையில் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும்.

இந்த ஓவியர்கள் பழைய கிராமத்தை மட்டும் வரையவில்லை. பிஸ்ஸாரோ 1873இல் பொந்துவாஸ் அருகே ஆற்றங்கரை ஆலையை வரைந்தார். புகைபோக்கியின் புகை மேகத்தோடு கலக்கிறது. மோனே 1877இல் ரயில் நிலையத்துக்குள்ளேயே சீலையை விரித்தார்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கு அந்த ஓவியர்கள் கண்ட பிரான்சைவிட வேகமாக மாறிற்று. சுபாங் ஜெயா சீபீல்டு தோட்டமாக இருந்தது. புத்ராஜெயா பிராங் பெசார் தோட்டமாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே நிலத்தில் கேஎல் சென்ட்ரல் எழுந்துவிட்டது. மின்கம்பத்தையும் நெடுஞ்சாலையையும் நீக்கிவிட்டுக் கிராமத்துக் காட்சியை அழகாக வரைவது இந்த முறைக்கே எதிரானது என்பேன். சுபாங் ஜெயாவில் சீபீல்டு மாரியம்மன் கோயிலை வரைய உட்காருபவர், சுற்றியெழுந்த கட்டடங்களின் நிழலுக்கும் ஊதாவை எடுத்துவைக்கட்டும்.