கோப்புக்குள்ளும் உங்கள் பெயர் இருக்கட்டும்

வானொலியில் ஒரு பாடல் ஒலியேறும் முன் அறிவிப்பாளரின் கண் திரையில் தேடுவது பாடல், பாடியவர், இசையமைத்தவர் ஆகிய விவரங்களைத்தான். எம்பி3 கோப்புக்குள்ளேயே இவற்றைப் பதிந்து வைக்கலாம். பாடலாசிரியருக்கும் தனி இடம் உண்டு. ஆனால், அதைப் பலரும் காலியாக விட்டுவிடுகிறார்கள். கவிஞர் பெயரைச் சொல்லவில்லையே என்று எங்களைக் கடிந்துகொள்ளும் நேயர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்கலாம்!

எழுத்துக் கோப்புகளிலும் இதே கதைதான். பேராக்கில் தோட்டப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நேயர் ஒருவர், தம் நினைவுகளை மின்னூலாக்கி எனக்கு அனுப்பியிருந்தார். பெரட்டுக்களம், பால்மரம், ஒரே அறையில் மூன்று வகுப்புகள் என்று நல்ல எழுத்து. ஆனால், கைப்பேசி நூலடுக்கில் தலைப்பு 'டாக்குமெண்ட் 1' என்றிருந்தது. எழுதியவர் பெயரோ, தட்டச்சு செய்து கொடுத்த கடையின் பெயர்!

உள்ளே முதல் பக்கத்தில் அவர் பெயர் பெரிய எழுத்தில்தான் இருந்தது. அது மனிதர் படிப்பதற்கு. நூலடுக்குச் செயலி படிப்பது கோப்புக்குள் மறைந்திருக்கும் விவரக் குறிப்பை. வேர்ட் போன்ற மென்பொருளில், கணினியில் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவரே 'எழுதியவர்' ஆகிவிடுவார். "ஏம்மா, நான் எழுதினது என் பேர்ல இருக்காதா?" என்று ஆசிரியர் தொலைபேசியில் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவருடைய பேத்தி கணினி தெரிந்த பிள்ளை. கடையிலிருந்து வெறும் எழுத்துக் கோப்பை மட்டும் வாங்கி, பாண்டாக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மெய்யியல் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்டது அது. ஒரே எழுத்துக் கோப்பை மின்னூலாகவும் வேர்டாகவும் பிடிஎஃபாகவும் மாற்றித் தரும்.

கோப்பின் தலையில் ஒரு வரியில் மூன்று சிறுகோடுகள். கீழே டைட்டில், ஆத்தர், டேட் என்ற ஆங்கிலச் சொற்கள், சிறிய எழுத்தில், வரிக்கு ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் பின்னால் முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு தமிழில் விவரம். முடிவில் மீண்டும் மூன்று சிறுகோடுகள். இடைவெளியை விட்டுவிட்டால் வேலை நடக்காது. தலைப்புக்குள்ளேயே முக்காற்புள்ளி வந்தால், முழுத் தலைப்பையும் மேற்கோள்குறிக்குள் அடைக்க வேண்டும்.

பலர் மறப்பது மொழியை. லாங்க்வேஜ் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்துகளை எழுதி, எதிரே தமிழுக்குரிய 'டி, ஏ' என்ற குறியீட்டைப் போட வேண்டும். விட்டால், கணினியின் மொழியே நூலின் மொழியாகிவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நூலை வாசித்துக் காட்டும் செயலியைப் பயன்படுத்தும்போது, எந்தக் குரலில் வாசிப்பது என்பதை அது இந்தக் குறிப்பை வைத்து முடிவு செய்யும். தமிழ் நூலை ஆங்கிலக் குரல் வாசிக்க முயல்வதை ஒருமுறை கேட்டால் போதும்!

மின்னூலில் இந்த விவரங்களிலிருந்தே தலைப்புப் பக்கம் தானாக உருவாகும். பிடிஎஃபில் அப்படியில்லை, தலைப்பு முதல் பக்கத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். தனிப் பக்கம் வேண்டுமானால், ஆவண வகை 'புக்' என்று குறிப்பிட வேண்டும். தமிழ் எழுத்துருவின் பெயரையும் எழுதி, ஸீலேடெக் வழியாக மாற்ற வேண்டும். பேத்திக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போனது இதில்தான்.

நம் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் நூலடுக்கு மென்பொருள்கள் இருக்கின்றன. அடையாள அட்டையில் உள்ளபடி தந்தை பெயரைப் பின்னால் எழுதினால், நூல் அப்பாவின் பெயரில் அடுக்கப்பட்டுவிடும். எந்தப் பெயரில் வரிசைப்படுத்த வேண்டும் என்று தனியாகச் சொல்லவும் மின்னூலில் வழியிருக்கிறது. ஆசிரியர் தம் பெயரையே கொடுத்தார். தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொண்டார்.

இப்போது அவர் பேரப்பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கோப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் திறந்தாலும் அவர் பெயர்தான் வருகிறது. அவரோ இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு முறையும் தேதி வரியை மாற்றிவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறார்.