தாழ்ந்த ஒலிக்கு ஏற்ற பெட்டி

கொழும்புத்துறையின் கடனீரேரிக் கரையில் இரவு வேளையில் நிற்பவருக்கு, தொலைவிலுள்ள கோயிலொன்றில் நடைபெறும் திருவிழா மேளம் முழுமையாக வந்து சேர்வதில்லை. காற்று எதிர்த்து வீசும்போது நாதசுரத்தின் இசை தேய்ந்து போகும். தாளத்தின் ஓசையும் கேளாது. தவிலின் தொப்பிப் பக்கத்திலிருந்து எழும் கனத்த ஒலி மட்டும் மதில்களையும் பனைகளையும் கடந்து வந்து, அங்கே மேளம் நடைபெறுகிறது என்பதை அறிவிக்கும். தாழ்ந்த ஒலிக்கு இயல்பாக அமைந்த ஆற்றல் இது. அதன் அலை நீண்டது. இடையிலுள்ள தடைகளைச் சுற்றி வளைந்து செல்ல வல்லது. காற்றினால் எளிதில் உறிஞ்சப்படாதது.

அதே மேளத்தை வீட்டினுள்ளே ஒலிப்பதிவாகக் கேட்கும்போது நிலைமை தலைகீழாகிறது. முதலில் மறைந்து போவது அந்தத் தொப்பியின் ஒலியேயாகும். சிறிய ஒலிபெருக்கி நாதசுரத்தைத் தரும். வலந்தலையில் விரல்கள் எழுப்பும் சொற்களையும் தரும். தொப்பியின் கனத்தைத் தருவதில்லை. இக்குறையை நிறைவு செய்வதற்கென்றே அமைந்த தனி ஒலிபெருக்கிதான் சப்வூபர் எனப்படுவது. ஏறக்குறைய 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட, அதாவது செக்கனுக்கு 80 முறைக்குக் குறைவாக அதிர்கின்ற ஒலிகளை ஏற்பதே அதன் பணி. அவ்வாறு செக்கனுக்கு நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை மீடிறன் என்பர்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தையார் தவிலிசையில் தோய்ந்தவர். இணுவிலில் 1933இல் பிறந்து 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகளை நாள்தோறும் கேட்பவர். இளைய மகனுக்கோ திரைப்படங்களில் விருப்பம். வெளிநாட்டிலுள்ள மூத்த மகன் அனுப்பிய பணத்தில் ஒரு சப்வூபர் வாங்கச் செல்கின்றனர். கடைக்காரர் ஏறக்குறைய ஒரே விலையுள்ள இரண்டு பெட்டிகளைக் காட்டுகிறார். ஒன்று எல்லாப் பக்கமும் அடைக்கப்பட்டது. மற்றையதில் வட்டமான ஒரு துளையும் அதன் உள்ளே ஒரு குழாயும் உள்ளன. “இது சுத்தமாக அடிக்கும் ஐயா, அது ஆழமாக இறங்கும்” என்கிறார் அவர். செலவிடும் பணம் ஒன்று. கேட்போரின் விருப்பமோ இரண்டு. எதைத் தெரிவது?

இவ்வினாவுக்கு விடை காண, பெட்டி எதற்காக என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளப்படும்போது அதன் முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. பின்பக்கக் காற்று ஐதாகிறது. பெட்டி இல்லையெனில் முன்னுள்ள நெருக்கம் கூம்பின் ஓரத்தைச் சுற்றிப் பின்னே ஓடி, அங்குள்ள ஐதான நிலையை நிரப்பிவிடும். ஒன்றை ஒன்று அழித்துக்கொள்வதால் தாழ்ந்த ஒலி பிறவாது. ஆகவே பின்பக்க ஒலியை ஏதேனும் ஒரு வகையில் கையாள வேண்டும். அதனைச் சிறையிடுவது மூடிய பெட்டி. அதனையே வேலை வாங்குவது குழாய்ப் பெட்டி.

மூடிய பெட்டியின் செயலைச் சைக்கிள் பம்பைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால், உள்ளிருக்கும் காற்று ஒரு வில்லைப் போல எதிர்த்துத் தள்ளும். கையை விட்டதும் பிடி மீண்டு வரும். மூடிய பெட்டியினுள் அடைபட்ட காற்றும் கூம்பை அவ்வாறே இழுத்துப் பிடிக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த எட்கர் வில்ச்சர் 1954இல் இக்கருத்தைக் கையாண்டு, ஹென்றி குளோஸ் என்பவருடன் சேர்ந்து அகூஸ்டிக் ரிசேர்ச் என்னும் நிறுவனத்தை அமைத்தார். கூம்பைத் தாங்கும் விறைப்பான பொருளின் வேலையைக் காற்றிடமே ஒப்படைத்ததனால், அதுவரை பேரலமாரி அளவுள்ள பெட்டிகளிலிருந்தே பெற முடிந்த தாழ்ந்த ஒலியை, இறாக்கையில் வைக்கத்தக்க பெட்டியிலிருந்து பெற முடிந்தது.

குழாய்ப் பெட்டியின் செயலுக்கு வெறும் போத்தலே சான்று. போத்தலின் வாய்மேல் ஊதினால் அது ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒலிக்கும். கழுத்திலுள்ள காற்று ஒரு பாரமாகவும், வயிற்றிலுள்ள காற்று ஒரு வில்லாகவும் அமைந்து இரண்டும் சேர்ந்து ஊசலாடுவதே காரணம். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலி பற்றி 1863இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஒத்ததிர்வை விரிவாக ஆராய்ந்தார். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அல்பேர்ட் துராஸ் இதனை ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பயன்படுத்தி, 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1932இல் அதனைப் பெற்றார். கூம்பின் பின்பக்க ஒலி குழாயிலுள்ள காற்றை அசைக்கிறது. பெட்டி சுருதி சேர்க்கப்பட்ட மீடிறனில் கூம்பு ஏறக்குறைய அசையாது நிற்க, குழாயின் காற்றே ஒலியின் பெரும்பகுதியைத் தருகிறது. வீணாகப் போகவிருந்த பாதி ஒலி பயன்படுவதனால், அம்மீடிறனை அண்டிய பகுதியில் அதே மின்வலுவுக்குக் கூடுதலான ஒலி கிடைக்கிறது. பெட்டியின் கொள்ளளவு, குழாயின் அளவு, ஒலிபெருக்கியின் இயல்பு ஆகியவற்றைக் கணித்துப் பொருத்தும் முறையை அவுஸ்திரேலியாவின் நெவில் தீலே 1961இல் வகுத்தார். ரிச்சர்ட் ஸ்மோல் அதனை 1970களில் விரிவாக்கினார். இன்று உலகெங்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இவ்விருவர் வகுத்த அளவைகளைக் கொண்டே திட்டமிடப்படுகின்றன.

கிடைத்த ஊதியத்துக்கு ஒரு விலையும் உண்டு. மூடிய பெட்டியில், அதன் எல்லை மீடிறனுக்குக் கீழே, மீடிறன் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 12 டெசிபல் வீதம் குறையும். குழாய்ப் பெட்டியில் அக்குறைவு 24 டெசிபல். முன்னையது படிக்கட்டில் இறங்குவது போன்றது. பின்னையது துறைமேடையின் விளிம்பிலிருந்து நீரில் இறங்குவது போன்றது. மேலும், சுருதி சேர்த்த மீடிறனுக்கு வெகுவாகக் கீழே சென்றால் குழாயின் வழியே காற்று தடையின்றிப் போய்வரும். கூம்பைப் பிடித்து நிறுத்த வில் இராது. கூம்பு கட்டுமீறி அசைந்து பழுதடையக்கூடும். அதனால், நல்ல குழாய்ப் பெட்டிகளில் அத்தகைய மிகத் தாழ்ந்த ஒலிகளை அம்பிளிபயரிலேயே தடுத்துவிடும் வடி ஒன்று அமைந்திருக்கும். குழாய் ஒடுக்கமாயின் காற்று விரைந்து ஓடி ‘புஸ்’ என்னும் இரைச்சலையும் எழுப்பும்.

இனி, கேட்கும் பொருளுக்கு வருவோம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலுக்கு ஆதார சட்ஜம் ஏறக்குறைய 131 ஹேர்ட்ஸ். தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதியாகிய 65 ஹேர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் தொப்பியும் பெரும்பாலும் 50 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டே ஒலிக்கின்றன. மேனாட்டு பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியும் 41 ஹேர்ட்ஸில் நின்றுவிடும். ஆகவே கருநாடக இசைக்கும் மேளத்துக்கும் 20 ஹேர்ட்ஸ் வரை இறங்கும் பெட்டி தேவையில்லை. அவ்விசைக்கு வேண்டியது, அடி விழுந்த கணத்தில் எழுந்து, கை பதிந்த கணத்தில் அடங்கும் ஒலி. தொப்பியில் எழும் கும்காரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்காவிடின் லயத்தின் உருவம் குலைந்துவிடும். எல்லை மீடிறனை அண்மித்த ஒலிகளை அதிகம் இழுக்காது அடக்குவதில் மூடிய பெட்டிக்கு இயல்பான மேன்மை உண்டு.

திரைப்படத்தின் தேவை வேறு. இடிமுழக்கம், வெடியோசை, நில அதிர்ச்சி முதலியவற்றை அமைப்போர் 30 ஹேர்ட்ஸுக்கும் 20 ஹேர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதியையும் பயன்படுத்துகின்றனர். அங்கே மனிதச் செவி மிகவும் மந்தமானது. 1,000 ஹேர்ட்ஸில் ஓரிரு டெசிபலே கேட்கப் போதுமாயிருக்க, 20 ஹேர்ட்ஸில் ஒலி கேட்கத் தொடங்குவதற்கே சுமார் 78 டெசிபல் வேண்டும். அதுமட்டுமன்று. மீடிறன் பாதியாகும்போது, அதே அளவு ஒலியைத் தருவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். மூடிய பெட்டியில் குறைந்துபோன 12 டெசிபலை மின்சாரத்தால் ஈடுசெய்ய எண்ணினால், ஏறக்குறைய 16 மடங்கு வலு தேவைப்படும். இவ்விடத்தில் குழாய்ப் பெட்டியின் உதவி பெரிது.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, இசைக்கு மூடிய பெட்டி, படத்துக்குக் குழாய்ப் பெட்டி என்று முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். பலரும் கூறும் முடிவும் அதுவே. ஆனால் பெட்டியை வைக்கும் வீட்டைக் கேளாமல் அம்முடிவுக்கு வருதல் பொருந்தாது.

40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நமது வெப்பநிலையில் ஏறக்குறைய 8.7 மீற்றர். 4 மீற்றர் நீளமுள்ள மூடிய அறையில், சுமார் 44 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி அலையாக ஓட இடமின்றி, அறைக் காற்று முழுவதையும் ஒருசேர நெருக்கியும் தளர்த்தியும் நிற்கிறது. அப்போது மீடிறன் தாழத்தாழ அறையே ஒலியைக் கூட்டித் தருகிறது. குறையற அடைபட்ட அறையில் இக்கூட்டல் 12 டெசிபல் வீதம் வரை செல்லலாம் என்பது கணிப்பு. மூடிய பெட்டியின் குறைவும் 12 டெசிபல் வீதமே என்பது நினைவுகூரத்தக்கது. ஒன்றின் இறக்கத்தை மற்றொன்றின் ஏற்றம் ஈடுசெய்கிறது. கதவும் யன்னலும் அடைத்துக் குளிரூட்டி பொருத்திய சீமெந்து அறையில், சிறிய மூடிய பெட்டியும் வியக்கத்தக்க ஆழத்துக்கு இறங்குவதன் இரகசியம் இதுவே.

ஆனால் யாழ்ப்பாணத்தின் பழைய ஓட்டு வீடு அத்தகையதன்று. சுவருக்கும் கூரைக்கும் இடையே காற்றுப் புகும் வெளி. முற்றத்தை நோக்கித் திறந்த விறாந்தை. கடற்காற்றை வரவேற்கும் யன்னல்கள். வெக்கையைத் தணிப்பதற்காக முன்னோர் அமைத்த இவ்வழிகள் தாழ்ந்த ஒலி வெளியேறும் வழிகளுமாகும். அங்கே அறை தரும் கொடை அநேகமாக இல்லை. மேனாட்டாரின் மூடிய அறைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அறிவுரையை நம்பி, அத்தகைய கூடத்தில் சிறிய மூடிய பெட்டியை வைப்பவர், தவிலைக் குறையின்றிக் கேட்பார்; படத்தின் இடிமுழக்கத்தை எதிர்பார்த்து ஏமாறுவார். திறந்த வீட்டில் ஆழம் வேண்டுமாயின், போதிய பருமனுள்ள குழாய்ப் பெட்டியே வழி.

‘போதிய பருமன்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த வலு என்னும் மூன்றில் இரண்டையே பெறலாம். மூன்றாவதை இழக்க வேண்டும் என்பது இத்துறையில் ஹொஃப்மன் விதி என வழங்கும் உண்மை. 60 லீற்றர் கொள்ளளவுள்ள பெட்டியை 25 ஹேர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய் ஏறக்குறைய 57 சென்ரிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். ஆகவே சிறு பெட்டியில் விரலளவு குழாயைச் செருகி ‘ஆழமாக இறங்கும்’ என்று விற்கப்படுவது, பெரும்பாலும் 50, 60 ஹேர்ட்ஸில் ஒரே சுருதியை முழக்குவதாகவே இருக்கும். குழாய்ப் பெட்டி மந்தமானது, குழம்பியது என்னும் பழிச்சொல்லுக்கு இத்தகைய பெட்டிகளே காரணம். நன்கு கணித்துத் தாழ்ந்த மீடிறனுக்குச் சுருதி சேர்த்த குழாய்ப் பெட்டி, 50 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட தவிலொலியைப் பெரிதும் குலைப்பதில்லை. அதன் இழுபடும் குணம் அதனினும் கீழே, இசை எட்டாத பகுதியில் அடங்கிவிடுகிறது.

எந்தப் பெட்டியாயினும் வைக்கும் இடத்தால் கெடவும் கூடும், சிறக்கவும் கூடும். அறையின் மூலையில் வைத்தால் ஒலி மிகும். சில சுருதிகள் அளவுமீறி முழங்கவும் கூடும். இடத்தைத் தெரிவதற்கு எளிய முறையொன்று உண்டு. பெட்டியை, கேட்பவர் வழக்கமாக அமரும் இடத்தில் வைத்து, மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்டுப் பார்த்தல் வேண்டும். எவ்விடத்தில் தொப்பியின் ஒலி சமமாகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அவ்விடத்திலேயே பெட்டியை வைக்கலாம். அடுத்த வீட்டாரையும் மறத்தலாகாது. சுவர் உயர்ந்த ஒலியைத் தடுக்கும் அளவுக்குத் தாழ்ந்த ஒலியைத் தடுப்பதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் மேசைக்கு முதலில் செல்வது மதிலைத் தாண்டும் இம்முழக்கமேயாகும்.

கடையில் நின்ற அக்குடும்பத்துக்கு விடை இப்போது தெளிவாகும். அவர்களுடையது அடைத்த சீமெந்து அறையாயின் மூடிய பெட்டி இருவருக்கும் போதும். திறந்த ஓட்டு வீட்டுக் கூடமாயின், 25 ஹேர்ட்ஸ் அளவில் சுருதி சேர்த்த பருத்த குழாய்ப் பெட்டி ஏற்றது. அவ்வகைப் பெட்டிகள் சிலவற்றுடன் குழாயை அடைக்கும் பஞ்சுக்கட்டை ஒன்றும் தரப்படுகிறது. அதற்குரிய ஆளியை மாற்றி வாயை அடைத்தால் பெட்டி ஏறத்தாழ மூடிய பெட்டியாகிவிடும். தந்தையார் தவில் கேட்கும் வேளையில் அடைப்பும், மகன் படம் பார்க்கும் வேளையில் திறப்புமாக ஒரே பெட்டி இருவருக்கும் உதவும். இடமும் பணமும் குறைவாயின், நாள்தோறும் கேட்கப்படுவது எதுவோ அதற்கே முதலிடம் தருதல் முறை.

1990களில் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி அதில் பிறந்த சிறு மின்னோட்டத்தால் வானொலி கேட்ட வீடுகள் பல. கையளவு ஒலிபெருக்கியில் தொப்பியின் ஒலி வரவில்லை. கோயில் வீதியில் கேட்டுப் பழகிய செவி அதனை நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டது. அந்நினைவுக்கு ஒப்ப ஒலிக்கும் பெட்டியே நல்ல பெட்டி. அதற்குத் துளை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கடைக்காரருக்குரியதன்று. கேட்கும் இசைக்கும் வாழும் வீட்டுக்குமே உரியது.