உங்களுக்குத் தெரியுமா? உப்பு, பொன், சோழி, நூல்: இடைக்கால ஆப்பிரிக்கா

● மதீனாவுக்கு முன்பே இஸ்லாமியருக்கு அடைக்கலம் தந்தது ஆப்பிரிக்கா. மக்காவில் கொடுமை தாங்காத முதல் முஸ்லிம்கள் சிலர் கி.பி. 615 வாக்கில் செங்கடலைக் கடந்து அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியப் பகுதி) போனார்கள். கிறிஸ்தவ மன்னர் நஜாஷி அவர்களைப் பகைவரிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டார்.

● மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இஸ்லாத்தைக் கொண்டுபோனவர்களில் சஹாராவைக் கடந்த ஒட்டக வணிகர்களே முதன்மையானவர்கள். கானா பேரரசின் தலைநகர் இரட்டை ஊர். ஒன்றில் முஸ்லிம் வணிகர்களும் 12 பள்ளிவாசல்களும். மற்றதில் முன்னோர் வழக்கப்படி வழிபட்ட அரசர். ஆனாலும் அவருடைய அமைச்சர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்று 1068-ல் எழுதினார் அரபுப் புவியியலாளர் அல்-பக்ரி. (இன்றைய கானா நாடு வேறு, அந்தப் பேரரசு இருந்தது இன்றைய மொரிட்டானியா, மாலி பகுதியில்.)

● கானா அரசரின் சுங்கக் கணக்கு எளிது. ஒரு கழுதைச் சுமை உப்பு உள்ளே வந்தால் ஒரு பொன் தினார். வெளியே போனால் இரண்டு.

● சஹாராவின் தகாசா ஊரில் வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டியவை. கூரை ஒட்டகத் தோல். மரம் கிடையாது, கிணற்றுத் தண்ணீரும் உவர்ப்பு. 1352-ல் பயணி இப்னு பதூதா நேரில் பார்த்தது இது. அங்கே வெட்டிய உப்பு ஒரு சுமை, சஹாராவின் தென்விளிம்பு ஊரான வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால் பொன்னுக்கும், மாலியின் தலைநகரில் 20 முதல் 30 மித்காலுக்கும் விலைபோனது. ஒரு மித்கால் ஏறக்குறைய நாலேகால் கிராம்.

● மாலி மன்னர் மன்சா மூசா 1324-ல் ஹஜ் பயண வழியில் கெய்ரோவில் தங்கி, பொன்னை வாரி வழங்கினார். அதனால் அங்கே பொன் விலை சரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகியும் பழைய நிலைக்கு ஏறவில்லை என்கிறார் அரபு எழுத்தாளர் அல்-உமரி.

● மாலியில் சில்லறைக் காசு, மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழி! மாலத்தீவில் ஒரு பொன் தினாருக்கு நான்கு லட்சம் சோழி கிடைக்கும். மாலியில் 1,150 தான். இரண்டு இடத்திலும் விலை கேட்டு எழுதிவைத்தவர் அதே இப்னு பதூதா. மாலத்தீவில் காஜியாக இருந்தவர், மதுரை சுல்தானின் விருந்தினராகவும் தங்கியவர்.

● வலாட்டாவில் அவரை வியக்கவைத்தது இன்னொன்று. தொழுகை தவறாத அந்த முஸ்லிம்களிடம் சொத்து மகனுக்குப் போகவில்லை. சகோதரி மகனுக்குப் போனது. புதிய மார்க்கம் வந்தும் பழைய தாய்வழி முறை நிலைத்தது.

● தான்சானியாவின் கில்வா தீவு சுல்தான்கள் சொந்தச் செப்புக் காசு அடித்தார்கள். சோஃபாலா துறைமுகம் வழியாக வந்த உள்நாட்டுப் பொன்னால் செழித்த ஊர் அது. பவளக் கல்லால் கட்டிய பெரிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. கில்வா காசுகள் ஐந்து 1944-ல் ஆஸ்திரேலியாவின் வடகரைத் தீவொன்றில் கிடைத்தன!

● மாலியின் டிம்பக்டு சந்தையில் மற்ற சரக்குகளைவிட நூல்களே அதிக லாபம் தந்தன. அறிஞர் அஹ்மத் பாபாவிடம் 1,600 நூல்கள் இருந்தன. தம் உறவினர்களிடம் இருந்ததைவிட அது குறைவு என்றார் அவர்! 1591-ல் மொராக்கோ படை ஊரைக் கைப்பற்றியது. பிறகு அவர் சிறைப்பட்டு மராக்கெஷுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

● 2012-ல் தீவிரவாதிகள் டிம்பக்டுவைப் பிடித்தபோது, ஊர்க் குடும்பங்களும் நூலகர்களும் சுவடிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் ரகசியமாகத் தலைநகர் பமாகோவுக்கு அனுப்பினார்கள். லட்சக்கணக்கான சுவடிகள் பிழைத்தன.

ஆப்பிரிக்க வரலாறு ஐரோப்பியக் கப்பல்கள் வந்த நாளில் தொடங்கவில்லை. பிள்ளைகளுக்கு உலக வரலாறு சொல்லும்போது மாலியையும் கில்வாவையும் சேர்த்தே சொல்லுங்கள்.